இலுப்பைப்பூவும் ஆவாரம்பட்டையும்

வட ஆற்காடு ஜில்லா என்று ஒரு காலத்தில் வழங்கிய நிலப்பரப்பில், ஜவ்வாது மலை ஒருபுறமும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சிதறிய குன்றுகள் மறுபுறமும் நிற்க, நடுவே பாலாறு வகுத்துச் சென்ற பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று அமைந்த ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றதற்குக் காரணம் கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் மூன்றைச் சொல்வார்கள். ஆற்று மணலுக்கு அடியில் கோடையிலும் ஊறிய தண்ணீர் ஒன்று. மேட்டு நிலங்களில் யாரும் விதைக்காமலே மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடி மற்றொன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடத் தொடங்கிய, தென்னிந்தியாவின் முதல் ரயில் மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது தொட்டிக்குள் இருந்தது, கண்ணுக்குப் புலப்படாதது, எந்த முதலாளியின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறாதது, ஆயினும் அது ஒரு நாள் சோம்பி இருந்தால் தொட்டியிலிருந்த தோல் அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். தாவரங்களின் சர்க்கரையை உண்டு புளிப்பை உமிழும் நுண்ணுயிர்க் கூட்டத்தைத்தான் சொல்கிறேன்.

ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது இந்நாட்டில் பழைய வழக்கம். ஆனால் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர் வாங்கிய முறை முழு உருவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். ஆவாரை பதனிட்ட தோலுக்கு வெயில் பட்டால் சிவந்துவிடும் குணம் உண்டு. பதனிட்டு முடித்த தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் அந்தச் சிவப்பு ஏறாமல் இளமஞ்சளாகவே நிற்கும் என்பதைக் கண்டு, 1840-களில் சென்னையில் இவ்வழக்கத்தைப் புகுத்தியவர் சார்ல்ஸ் டி சூசா என்னும் யூரேஷியர் என்று பழைய தொழிற் குறிப்புகள் கூறுகின்றன. அம்முறை லெப்பை முஸ்லிம் வணிகர்களின் முதலோடும் ஊக்கத்தோடும் பாலாற்றங்கரையில் வேர் விட்டது. தொட்டியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று உழைத்தவர்களோ பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் முதலாளிகளின் பெயரை எழுதினார்கள், துரைமார்களின் பெயரை எழுதினார்கள், இவர்களின் பெயரை எழுதவில்லை.

உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் நாட்கணக்கில் கிடத்தி, மயிர் கழன்றபின் கட்டையின்மேல் போட்டு மழுங்கிய கத்தியால் வழித்து, உட்புறத்துச் சதையைச் சுரண்டி, பின் நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால், தோல் வெளுத்துத் தடித்து இருக்கும். ஆனால் அதன் இழைகளுக்குள் புகுந்த சுண்ணாம்பு அலசலுக்கெல்லாம் மசியாமல் உள்ளேயே நிற்கும். இந்த நிலையில் அதைப் புதிதாக இறக்கிய கனமான பட்டைச் சாற்றில் போட்டுவிட்டால் வந்தது வினை. துவர்ப்பு மேற்புறத்தையே இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழியில்லாமல் செய்துவிடும். தோல் மேலே கறுத்து, உள்ளே பச்சையாக நின்று, மடித்தால் வெடித்துப் போகும். ஆகவே தொழில் தெரிந்த மேஸ்திரி, புதுத் தோலைப் பழைய தண்ணீரிலும், பழகிய தோலைப் புதுத் தண்ணீரிலும் போடுவார். பல தோல்களுக்குத் துவர்ப்பைக் கொடுத்துச் சத்திழந்து, வாரக்கணக்கில் தொட்டியில் நின்று, நுரை கட்டி, மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை வீசிய அந்தப் பழைய சாற்றில்தான் முதற் காரியம் நடந்தது.

பட்டையில் துவர்ப்பு மட்டும் இல்லை. சர்க்கரைப் பொருளும் உண்டு. கடுக்காயில் அது இன்னும் அதிகம். தண்ணீரில் இறங்கிய அச்சர்க்கரையைப் பட்டையோடும் தோலோடும் காற்றோடும் வந்த நுண்ணுயிர்கள் தின்று லாக்டிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் மாற்றின. அந்தப் புளிப்பு தோலுக்குள் ஊடுருவி, நீரால் கரையாத சுண்ணாம்பைக் கரைத்து வெளியேற்றி, இழைகளைத் தளர்த்தி, பின்னால் வரப்போகும் துவர்ப்புக்கு வழி திறந்துவிட்டது. பழைய தண்ணீரை அடியோடு கொட்டிவிடாமல் ஒரு பங்கை நிறுத்தி வைத்து அதன்மேல் புதுச்சாற்றை ஊற்றும் வழக்கம், உறைமோர் வைத்திருக்கும் வீட்டின் வழக்கத்தைப் போன்றதே. அதன் தத்துவம் என்னவென்று கேட்டால் விடை சொல்ல அங்கே ஆள் கிடையாது, ஆனால் அதை மீறவும் ஆள் கிடையாது.

தோல் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தொட்டியிலிருந்து ஓர் ஆட்டுத் தோலை எடுத்து நீர் வடியவிட்டு, மேற்புறத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார்கள். சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருந்தால் தோல் ரப்பர் போலத் துள்ளி எழுந்து விரல் தடத்தை அழித்துவிடும். பக்குவம் வந்திருந்தால் விரலின் ரேகைவரை அப்படியே பதிந்து நிற்கும். இன்றைய தொழிற்சாலையில் தோலின் ஓரத்தைக் கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் பினால்ப்தலின் என்னும் மருந்தை ஒரு சொட்டு விடுகிறார்கள். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் நடுவில் ஒரு ரோஜாநிறக் கோடு தெரியும். மருந்து சொல்லும் செய்தியைத்தான் கட்டைவிரலும் சொல்லிற்று. மருந்துக்குச் சம்பளம் இல்லை என்பதே வித்தியாசம்.

மேனாட்டார் இவ்விஷயத்தில் நம்மைவிட நாகரிகமாக நடந்துகொண்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் மெல்லிய தோல் தயாரிப்பாளர்கள் நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் வெந்நீரில் கரைத்து அதில் தோலை ஊறவைத்தார்கள். உள்நாட்டு நாய்கள் போதாமல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து உலர்ந்த சரக்கைக் கப்பலில் வரவழைத்ததும் உண்டு. அதற்கு அடுத்தபடியாகத் தவிட்டுத் தண்ணீர். கோதுமைத் தவிட்டை வெந்நீரில் கரைத்துப் புளிக்கவிட்டு அதில் தோலைப் போட்டால், சில மணி நேரத்தில் தொட்டி பொங்கும். எழும் வாயு தோலுக்கு அடியில் தங்கி அதை உப்பலாக மேலே மிதக்கச் செய்யும். ஆள் நின்று கழியால் அதை உள்ளே அமிழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நாட்டிங்ஹாம் நகரத்துத் தோல் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த ஜே. டி. வுட் என்னும் ரசாயனி, 1890-களில் தொடங்கிப் பல வருஷ காலம் இந்தத் தவிட்டுத் தொட்டியையே தம் ஆராய்ச்சிக்கூடமாகக் கொண்டு, தவிட்டின் மாவுப்பொருள் முதலில் சர்க்கரையாகிப் பின் ஒருவகை பாக்டீரியாவால் லாக்டிக், அசெட்டிக் முதலான அமிலங்களாகவும், கரியமில வாயுவும் ஹைட்ரஜனுமாகவும் பிரிகிறது என்று நிரூபித்து, தாம் கண்டவற்றையெல்லாம் 1912-இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அதற்குள் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர், நாய் மலத்தின் வேலையைக் கணையத்தின் நொதிப்பொருளைக் கொண்டு செய்துகாட்டி, அதை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார்.

வுட் தம் தொட்டியில் கண்டது புளிப்போடு நின்றுவிட்ட நொதித்தல். தோல்காரனுக்கு வேண்டியதும் அவ்வளவே. அதற்கு மேல் போனால் தோல் அழுகும். புளிப்பையும் தாண்டிப் போகக்கூடிய பாக்டீரியாவும் உலகத்தில் உண்டு என்பதையும், அது போய்ச் சேரும் இடம் பீரங்கியின் வாய் என்பதையும் உலகம் விரைவிலேயே அறிந்துகொண்டது.

நீலகிரியில், குன்னூருக்கு அருகே, அரவங்காட்டில் 1903-ஆம் ஆண்டு சர்க்கார் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையை நிறுவினார்கள். அங்கே தயாரான சரக்கின் பெயர் கார்டைட். நைட்ரோகிளிசரினையும் நைட்ரோ பஞ்சையும் சிறிது வாசலினோடு பிசைந்து, கயிறுகளாக இழுத்து உலர்த்திய புகையில்லா மருந்து அது. ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்று நிற்கும் அவ்விரண்டு பதார்த்தங்களையும் கரைத்துக் களியாக்கித் தர ஒரு திராவகம் வேண்டும். அசிட்டோன் என்பது அதுவே. பிசைந்து இழுத்தபின் அது ஆவியாகப் போய்விடும். மருந்தில் அதன் சுவடு இராது. ஆனால் அது இல்லாமல் மருந்தும் இராது. அந்நாளில் அசிட்டோன் கிடைத்தது மரத்திலிருந்து. காற்றுப் புகாத கொப்பரையில் கட்டையைச் சுட்டு, வடியும் புளிநீரைச் சுண்ணாம்போடு சேர்த்து, அந்த உப்பை மறுபடியும் காய்ச்சி எடுக்க வேண்டும். ஒரு டன் அசிட்டோனுக்கு எண்பது முதல் நூறு டன் வரையில் மரம் செலவாகும். காடுகளை எப்போதோ தின்று தீர்த்துவிட்ட பிரிட்டன் அதை அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. 1914-இல் யுத்தம் மூண்டு, அடுத்த வருஷமே குண்டுப் பஞ்சம் மந்திரிசபையை ஆட்டம் காணச் செய்தபோதுதான், கடற்படையின் பீரங்கிகள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கின என்பது தெரிந்தது.

மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் போதித்துக்கொண்டிருந்த ஹயீம் வைஸ்மன், ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த யூதர். யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்பிருந்தே அவர் நொதித்தலில் ஈடுபட்டிருந்தார். ஆனால் அசிட்டோனைத் தேடி அல்ல. செயற்கை ரப்பர் செய்யப் பியூட்டைல் ஆல்கஹால் என்னும் பொருள் வேண்டியிருந்தது. அதை மாவுப்பொருளிலிருந்து தரக்கூடிய பாக்டீரியாவைத் தேடி, மண்ணிலும் தானியத்திலும் வாழும் கிருமிகளை வளர்த்து, கொதிநீரின் சூட்டுக்கு உட்படுத்தி, அந்தச் சூட்டையும் தாங்கி விதைபோல் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுபவற்றை மட்டும் பொறுக்கி, மறுபடியும் வளர்த்து, இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சலித்து அவர் எடுத்த பாக்டீரியாவே பிற்காலத்தில் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்று பெயர் சூட்டப்பெற்றது. அது தந்த சரக்கில் ஆறு பங்கு பியூட்டைல் ஆல்கஹால், மூன்று பங்கு அசிட்டோன், ஒரு பங்கு சாதாரணச் சாராயம். ரப்பருக்காகத் தேடியவருக்கு அசிட்டோன் உபரி. யுத்தம் வந்ததும் உபரியே சரக்காயிற்று, சரக்கு உபரியாயிற்று. முப்பதாயிரம் டன் அசிட்டோன் வேண்டும் என்று கடற்படை மந்திரியாயிருந்த சர்ச்சில் தம்மிடம் கேட்டதாக வைஸ்மன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லண்டனில் ஜின் காய்ச்சிய ஆலையொன்றில் பரீட்சை நடந்தது. பிறகு டொரான்டோவிலும் அமெரிக்காவின் இன்டியானா மாகாணத்திலும் சாராய ஆலைகள் இவ்வேலைக்கு மாற்றப்பட்டன. 1917-இல் சோளம் கப்பலில் வருவது அரிதானபோது, பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரத்தடிகளில் குதிரைச் செஸ்ட்நட் என்ற காய்களைப் பொறுக்கிச் சாக்குகளில் கட்டி அனுப்பினார்கள். எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இந்த உபகாரத்துக்குக் கைம்மாறாகவே, யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் என்று வாக்களித்த பால்பர் பிரகடனம் பிறந்தது என்று, யுத்தகாலப் பிரதமர் லாய்டு ஜார்ஜ் பிற்காலத்தில் கதை சொன்னார். சரித்திரக்காரர்கள் அதை நம்புவதில்லை, நானும் நம்பவில்லை.

இந்த பாக்டீரியாவின் நடத்தை விசித்திரமானது. இதற்குக் காற்று ஆகாது. சர்க்கரைக் குழம்பில் இட்டால் முதற் பகுதியில் இதுவும் தோல் தொட்டியின் கிருமிகளைப் போலவே புளிப்பைத்தான் உண்டாக்குகிறது: அசெட்டிக் அமிலம், கெட்ட வெண்ணெய்க்கு நாற்றம் கொடுக்கும் பியூட்டிரிக் அமிலம், கூடவே பொங்கி எழும் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும். புளிப்பு ஏறி ஏறித் தன் உயிருக்கே ஆபத்தாகும் கட்டம் வந்ததும் இது போக்கை மாற்றிக்கொள்கிறது. தான் வெளியிட்ட அமிலங்களையே திரும்ப உள்ளே இழுத்து, அசிட்டோனாகவும் பியூட்டைல் ஆல்கஹாலாகவும் மாற்றி வெளியே விடுகிறது. குழம்பின் புளிப்புக் குறைகிறது. அதுவும் நெடுநேரம் நடப்பதில்லை. திராவகங்கள் குழம்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்வதற்குள் பியூட்டைல் ஆல்கஹாலின் விஷம் தாங்காமல் வேலை நின்றுவிடும். மிச்சம் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீரைக் காய்ச்சி ஒதுக்கியே சரக்கைப் பிரிக்க வேண்டும். ஆம்பூர்த் தொட்டியும் ஆங்கிலேயக் கொப்பரையும் ஒரே பாதையில் புறப்பட்டவை என்று நான் கருதுவது இதனால்தான். தோல்காரனுக்கு முதற்பகுதி போதும், இரண்டாம் பகுதி அவனுக்குத் தெரியாது; கடற்படைக்கு இரண்டாம் பகுதியே வேண்டும், முதற்பகுதி பொறுத்துக்கொள்ள வேண்டிய தொல்லை. இரண்டு தொட்டிகளிலும் வாழ்ந்தவை வெவ்வேறு கிருமிகள். ஆனால் எது சரக்கு, எது கழிவு என்று தீர்மானித்தவை கிருமிகள் அல்ல.

இவ்விரண்டு சரித்திரங்களும் காகிதத்திலும் ஒருமுறை சந்தித்தன. யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் வேண்டியிருந்தது. அதற்குச் சென்னை மாகாணத்தில் ஆவாரையால் பதனிட்ட மாட்டுத்தோல் ஏற்றதாக இருந்தது. 1916 முதல் சர்க்கார் அதை நேரடியாகவே கொள்முதல் செய்தார்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து ராணுவ விலையில் கப்பலேறிய மூட்டைகளில் பாலாற்றங்கரைச் சரக்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1917-இல் சர் தாமஸ் ஹாலந்து தலைமையில் இந்தியப் போர்த்தளவாட வாரியம் ஏற்பட்டபோது தோல் விவகாரம் அதன் கைக்குப் போயிற்று. இந்தியாவிலேயே அசிட்டோன் செய்வதற்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அதே வாரியத்தின் கையில்தான் இருந்தது. வாணியம்பாடித் தோலும் அரவங்காட்டுக்கு வேண்டிய திராவகமும் ஒரே அலுவலகத்தின் மேஜையில் அடுத்தடுத்த கட்டுகளாகக் கிடந்திருக்கும். இந்த யுத்தகாலச் செழிப்பு வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யுத்தம் முடிந்த மறுவருஷம், 1919-இல், வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரி தோல் வணிகர்களின் கொடையால் வளர்ந்தது.

அசிட்டோன் கட்டைப் பிரித்தவர் பெங்களூரில் இருந்தார். கில்பர்ட் பௌலர் அவர் பெயர். மான்செஸ்டர் நகரத்தில் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் விஞ்ஞானத்தில் பேரறிஞராக விளங்கி, வைஸ்மன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் தாமும் போதித்து, 1916-இல் ஜே. என். டாட்டாவின் கொடையால் எழுந்த இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர். சோளத்தையும் அரிசியையும் பீரங்கிக்குப் போடுவது, பஞ்சம் பார்த்த நாட்டில் தர்மமும் அல்ல, சாத்தியமும் அல்ல. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நம் பாட்டிமார்கள் பரிகாசமாகச் சொல்வதை பௌலர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவு அதுதான். மத்திய இந்தியக் காடுகளில் மஹுவா என்று வழங்கும் இலுப்பையின் பூ வசந்தத்தில் இரவெல்லாம் உதிர்ந்து விடியற்காலையில் தரையை மூடிக் கிடக்கும். உலர்த்தினால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பழங்குடி மக்கள் அதைத் தின்றும் காய்ச்சிக் குடித்தும் வந்தார்கள். அந்தப் பூவைப் பாக்டீரியாவுக்கு உணவாக இட்டு அசிட்டோன் எடுக்க முடியுமா என்று பௌலரும் அவருடைய இந்திய மாணவர்களும் நடத்திய பரிசோதனைகள் 1920-இல் அந்த ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. நம் வட ஆற்காட்டுக் கோயில் தோப்புகளில் நிற்கும் இலுப்பை அதன் தம்பி. இங்கே அதன் கொட்டையை ஆட்டி விளக்குக்கு எண்ணெய் எடுத்தார்களே தவிர, பூவைப் பழமொழிக்கு விட்டுவிட்டார்கள்.

நாசிக்கில் போர்த்தளவாட வாரியம் ஓர் அசிட்டோன் தொழிற்சாலையை எழுப்பியது. ஆனால் சர்க்கார் கட்டடம் எழுவதற்கும் யுத்தம் முடிவதற்கும் போட்டி வந்தால் எது முந்தும் என்பது தெரிந்ததே. 1918 நவம்பரில் சண்டை நின்றது. அசிட்டோனுக்கு இருந்த தாகமும் நின்றது. அந்தக் கட்டடம் பிறகு பம்பாய் சர்க்காரின் சாராய ஆலையாக மாறிற்று. இந்தியாவில் இத்தொழில் வேர் பிடிக்காமல் போனதற்கு விஞ்ஞானத்தில் குறை ஒன்றும் இல்லை; யுத்தத்துக்காகவே கருவுற்ற குழந்தையைச் சமாதான காலத்தில் வளர்க்க யாருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் காரணம். பௌலர் தம் சிஷ்யரோடு சேர்ந்து நம் நாட்டு அவுரித் தாழியில் தகரை விதையும் சுண்ணாம்பும் இட்டு நீலச்சாயத்தைப் புளிக்கவைத்த வழக்கத்தையும் ஆராய்ந்தார். ஆவாரம்பட்டைத் தொட்டிக்கு அத்தகைய ஓர் ஆராய்ச்சியாளர் அந்நாளில் கிடைத்திருந்தால் அந்த மேஸ்திரிகளின் அனுபவம் ஏட்டில் ஏறியிருக்கும்.

மேல்நாட்டில் கதை வேறு விதமாகப் போயிற்று. யுத்த காலத்தில் யாரும் வாங்காமல் தொட்டி தொட்டியாகத் தேங்கிய பியூட்டைல் ஆல்கஹாலுக்கு 1920-களில் திடீரென்று யோகம் அடித்தது. மோட்டார் கார்களுக்குச் சீக்கிரம் உலரும் வர்ணம் வேண்டியிருந்தது; நைட்ரோ பஞ்சைக் கரைத்து வார்னிஷாக்க பியூட்டைல் அசிடேட்டே சிறந்த திராவகம் என்று கண்டார்கள். டெர் ஹோட் என்னும் அமெரிக்க ஊரின் கமர்ஷியல் சால்வென்ட்ஸ் கம்பெனி அதில் செல்வம் குவித்தது. இடையில் பாக்டீரியாவையே கொல்லும் வைரஸ் ஒன்று தொட்டிகளில் புகுந்து கம்பெனியை நடுங்க வைத்ததும் உண்டு. தானியம் போய்ச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் பியூட்டைல் ஆல்கஹாலிலிருந்து விமான எரிபொருள் தயாரித்தார்கள். 1950-களுக்குப் பின் கிணற்று எண்ணெயிலிருந்து அதே திராவகங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கவே, பாக்டீரியாக்கள் ஒவ்வோர் ஆலையாக வேலை இழந்தன. தென்னாப்பிரிக்காவில் 1980-களின் தொடக்கம் வரையிலும் இந்த நொதித்தல் தொழில் நடந்தது. நம் ஜில்லாவிலும் சுதந்திரத்துக்குப் பின் வடபுதுப்பட்டு, கேத்தாண்டப்பட்டி, அம்முண்டி ஆகிய இடங்களில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன, மொலாசஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்நாட்டில் மொலாசஸின் விதி ஈஸ்ட் கையில்தான் இருந்தது. சாராயமாக, ஸ்பிரிட்டாக, இப்போது நூற்றுக்கு இருபது பங்கு என்று பெட்ரோலில் கலக்கும் எதனாலாக.

பியூட்டைல் அசிடேட்டுக்கும் ஆம்பூருக்கும் சம்பந்தம் ஏற்படாமல் இல்லை. ஆனால் அது வேறு வழியாக வந்தது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்துவிட்டு, அதே தோலில் செய்த செருப்பை வெளிநாட்டான் பத்து மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது போதும் என்று சீதாராமய்யா கமிட்டியின் யோசனைப்படி 1970-களின் தொடக்கத்தில் சர்க்கார் தீர்மானித்து, பாதிச் சரக்கின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதன்பின் பாலாற்றங்கரை முழுத் தோலுக்கும், பூட்ஸுக்கும் மாறிற்று. முழுத் தோலுக்குக் கடைசியில் பளபளப்பு ஏற்ற லாக்கர் தெளிக்க வேண்டும். லாக்கர் என்பது நைட்ரோ பஞ்சும் பியூட்டைல் அசிடேட் முதலிய திராவகங்களும் சேர்ந்தது. அரவங்காட்டில் பீரங்கிக்குப் போன நைட்ரோ பஞ்சின் உறவு ஒன்று இவ்வாறு ஆம்பூர்ச் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஆவாரம்பட்டைத் தொட்டிகள் அதற்குள் மெல்ல மறைந்துகொண்டிருந்தன. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் அறிமுகப்படுத்திய குரோம் முறை, குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த கம்பெனி வழியாக நிலைபெற்று, முழுத் தோலின் காலம் வந்ததும் பாலாற்றங்கரையையும் பற்றிக்கொண்டது. வாரக்கணக்கில் நடந்த காரியம் மரப் பீப்பாய்களில் ஒரு பகலில் முடிந்தது. புளித்த சாற்றின் வேலையை அம்மோனியம் உப்பும், மூட்டையில் வந்த நொதிப்பொருளும் செய்தன. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் பட்டை முறையை இன்னும் சிலர் விடாமல் காத்து வருகிறார்கள். வேலூர் வட்டாரத்தில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பழைய தொட்டித் தண்ணீரும் நாறியது உண்மை; ஆறு அதை ஏதோ ஒருவாறு தாங்கிக்கொண்டது. குரோமும் மலையளவு உப்பும் கலந்த தண்ணீரைத் தாங்க ஆற்றால் இயலவில்லை. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டார்கள். அத்தனையும் பாலாற்றிலும் ஏரிகளிலும் வந்து விழுந்தது. தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட விவரத்தையும் எடுத்துக் காட்டி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நாசப்படுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்னும் நியாயம் இந்நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பால்தான். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது தனக்கென ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் கதவை மூட வேண்டும்.

இங்கேதான் பௌலர் மறுபடியும் வருகிறார். அவர் 1912-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் என்னும் ஊரில் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தும் பரிசோதனையைக் கண்டு, ஊர் திரும்பி, மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கட் என்ற இருவரை அதில் ஏவிவிட்டார். 1914 ஏப்ரலில் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, கழிவு நீரில் காற்றை ஊதி, அதில் பெருகும் பாக்டீரியாக்கள் அடியில் கசடாகப் படியும்போது அக்கசடைக் கொட்டிவிடாமல் ஒரு பங்கை எடுத்து அடுத்த தண்ணீரில் சேர்க்க வேண்டும். பழைய தண்ணீரை நிறுத்திவைத்த ஆம்பூர் மேஸ்திரி அதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி நிலையங்களில் இயங்கும் காற்றூட்டுத் தொட்டிகள் அந்த மான்செஸ்டர் முறையின் வம்சமே. அதற்கும் பலி உண்டு: 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு, ராணிப்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் கூடத்தில் படுத்திருந்த 10 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொட்டியில் பாக்டீரியாக்கள் சுருண்டு போனாலோ, பண்டிகைக்கு மூடிய நிலையத்தைத் திரும்பத் திறந்தாலோ, அவற்றை எழுப்ப ஆப்பரேட்டர்கள் செய்யும் வைத்தியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பச்சைச் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், கொஞ்சம் யூரியா, பிறகு மூட்டையைப் பிரித்து வெல்லத்தைக் கட்டியாக உடைத்துப் பீப்பாயில் கரைத்து, காற்று கொப்பளிக்கும் இடமாகப் பார்த்து மெதுவாகச் சாய்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் நுரையின் நிறம் மாறும்; ஒரு கண்ணாடிக் குடுவையில் மொண்டு அரைமணி நேரம் ஆடாமல் வைத்து, கசடு எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கிருமிகள் தின்னக் கூடியதையெல்லாம் தின்று தீர்க்கும். உப்பைத் தின்னாது. அதைப் பிரிக்க மெல்லிய சவ்வுகளும் நீரைக் கொதிக்க வைக்கும் யந்திரங்களும் பின்னால் வந்தன; அவை பிரித்துத் தள்ளிய கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று நிலையத்தாரும் சர்க்காரும் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.